அக்கா மகளுக்கு இடது முன்கை இல்லை: எந்த வயதுக்குள் என்ன செய்ய வேண்டும்?

வேலந்தாவளம் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அக்காவின் பெண் குழந்தைக்கு ஐந்து மாதம். இடது கை முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடையோடு நின்றுவிட்டது, முனையில் பட்டாணி அளவில் மூன்று நாலு சதைமொட்டுகள். ஆபரேஷன் செய்தால் கை வருமா, செயற்கைக் கை எத்தனை வயதில் வைக்கலாம், பதினோராம் மாதம் பழனியில் காதுகுத்து, அதற்குள் ஏதாவது முடியுமா என்று மூன்று கேள்விகள். சேர்த்துப் படித்தால் உள்ளே இருப்பது ஒரே பயம்தான்: நாம் தாமதம் செய்து குழந்தைக்குக் கிடைக்க வேண்டியதைக் கெடுத்துவிடுவோமோ? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் மாதிரிக் கைக்கு, இந்த வயதில் தவறவிடக்கூடிய ஆபரேஷன் எதுவும் கிடையாது.

நான் சர்ஜன் இல்லை, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். வீடு கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறையில், வேலை கோயம்புத்தூரில். இருபத்து மூன்று வருடமாக எல்லை தாண்டும் பஸ்ஸில் போய் வருகிறேன். கை வித்தியாசமாகப் பிறந்த குழந்தைகளுக்குச் சட்டைப் பொத்தான் போடுவதிலிருந்து சைக்கிள் ஓட்டுவது வரை பழக்குவது என் தொழிலில் ஒரு பகுதி. உங்கள் குழந்தையை நான் பார்க்கவில்லை, எக்ஸ்ரேயும் பார்க்கவில்லை. எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரணத்தைப் பற்றி நீங்கள் கடைசியில் ஒரு வரியில்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் அக்காவுக்கு அதுதான் பெரிய வரியாக இருக்கும். ஏழாம் மாதம் கிரகணத்தன்று அரிவாள்மனையில் காய் நறுக்கினாள் என்று மாமியார் வீட்டில் சொல்கிறார்களாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கருவில் கைக்கான மொட்டு நாலாவது வாரக் கடைசியில் முளைக்கிறது, எட்டாவது வாரம் முடிவதற்குள் விரல்கள் பிரிந்துவிடுகின்றன. ஏழாம் மாதத்துக்குள் அந்தக் கை இப்படித்தான் என்று முடிவாகி நாலைந்து மாதம் ஆகியிருக்கும். அந்த முதல் வாரங்களில் பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே சரியாகத் தெரிந்திருக்காது. ஒரு பக்கம் மட்டும், முழங்கைக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும் இந்த வகை பெரும்பாலும் தனியாக நேர்வது. வளரும் மொட்டுக்குப் போகும் ரத்த ஓட்டம் சிறிது நேரம் தடைபட்டிருக்கலாம் என்பது பலர் ஏற்கும் விளக்கம், ஆனால் அது விளக்கம்தான், நிரூபணம் இல்லை. பரம்பரையாக வருவது மிக அபூர்வம், அடுத்த குழந்தைக்கும் இப்படியே ஆகும் என்று பயப்படத் தேவையில்லை. இடது பக்கம்தான் அதிகம் பார்க்கிறோம், ஏன் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

மருந்தால் கை குறைந்து பிறந்த காலமும் உண்டு. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961 கடைசியில் அங்கே நிறுத்தப்பட்ட தாலிடோமைடு அப்படிப்பட்டது. அதனால் அக்கா அந்த முதல் இரண்டு மாதத்தில் ஏதாவது மருந்து சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லட்டும். முதலமடை மாந்தோப்புப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பூச்சிமருந்தைப் பற்றிக் கேட்பார்கள். எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்தை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது, அதனால் காசர்கோட்டில் மக்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு குழந்தையின் ஒரு கையைக் காட்டி இது பூச்சிமருந்தால்தான் வந்தது என்றோ, அதனால் வரவில்லை என்றோ சொல்லும் பரிசோதனை இல்லை. அக்கா செய்ததோ செய்யாததோ காரணம் இல்லை என்பதை மட்டும் அவர் காதுபட, மாமியார் இருக்கும்போதே சொல்லுங்கள்.

இனி ஆபரேஷன். கைக் குறை என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்வதால்தான் குழப்பம். உங்களுக்கு யாரோ ஒருவர் "எங்க பையனுக்கு ஒரு வயசுலேயே பண்ணிட்டாங்க, நீங்க ஏன் சும்மா இருக்கீங்க" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையனுக்கு இருந்தது வேறாக இருக்கும். முன்கையில் இரண்டு எலும்பு உண்டு. கட்டைவிரல் பக்கத்து எலும்பு குறைந்தோ இல்லாமலோ பிறந்தால் மணிக்கட்டு அந்தப் பக்கமாகக் கொக்கி போல வளைந்துவிடும், கட்டைவிரலும் சிறுத்திருக்கும் அல்லது இருக்காது. அந்தக் குழந்தைகளுக்குக் காலக்கணக்கு உண்டு. பிறந்த வாரத்திலிருந்தே கையை நீவி நீட்டி, வளையாமல் பிடிக்கும் ஸ்பிளின்ட் கட்டி, பிறகு ஒரு வயதையொட்டி மணிக்கட்டை நேராக்கும் ஆபரேஷன், அப்புறம் தேவைப்பட்டால் ஆள்காட்டி விரலையே நகர்த்திக் கட்டைவிரலாக்கும் ஆபரேஷன். இந்த இரண்டாவதை ஒழுங்குபடுத்தியவர் ஹாம்பர்க்கின் பக்-கிராம்கோ. தாலிடோமைடு குழந்தைகளுக்குச் செய்த அனுபவத்தை 1971-ல் எழுதினார். நான் பார்த்த கை ஆபரேஷன்களிலேயே குழந்தையின் வாழ்க்கையை அதிகம் மாற்றுவது இதுதான். மணிக்கட்டை நேராக்குவது அப்படியில்லை, வளரவளரத் திரும்பவும் வளைவது சகஜம், பெற்றோரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இந்த வகையில் கையைவிட முக்கியம் உள்ளே இருப்பது: இதயம், சிறுநீரகம், முதுகெலும்பு, ரத்த அணுக்கள். எக்கோவும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் முடியாமல் யாராவது ஆபரேஷன் தேதி கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதேபோல விரல் ஒட்டிப் பிறந்தால், நீளம் வேறுபட்ட ஓர விரல்களைச் சீக்கிரமாகவும் நடு விரல்களை ஒன்றிலிருந்து ஒன்றரை வயதிலும் பிரிப்பார்கள். கை, கால், விரலில் நூல் கட்டி இறுக்கிய மாதிரி ஆழமான பள்ளம் இருந்து அதற்குக் கீழே வீங்கினால் அது அவசரம், அன்றைக்கே போக வேண்டும்.

உங்கள் குழந்தைக்கு இது எதுவும் இல்லை. முன்கை குறுக்கே நின்றுவிட்டது, அவ்வளவுதான். அங்கே புதிதாகக் கை முளைக்கவைக்கும் ஆபரேஷன் உலகத்தில் எங்கும் இல்லை. கை மாற்று ஆபரேஷன் பற்றிப் படித்திருப்பீர்கள், நம் கொச்சியிலேயே 2015-ல் நடந்தது. ஆனால் அது விபத்தில் இரண்டு கையும் இழந்த பெரியவர்களுக்கானது. வைத்த கையை உடம்பு தள்ளிவிடாமலிருக்க ஆயுள் முழுக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிட வேண்டும், கிருமித் தொற்றுக்கும் புற்றுக்கும் வாய்ப்பு கூடும். ஒரு கை முழுதாக இருக்கும் குழந்தைக்கு அதை யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள், பரிந்துரைத்தால் சந்தேகப்படுங்கள். முனையில் இருக்கும் சதைமொட்டுகள் விரலாகியிருக்க வேண்டியவற்றின் மிச்சம். துணியில் மாட்டி ரணமானால் ஒழிய எடுக்கத் தேவையில்லை. நூல் கட்டிவிட்டால் தானாக உதிர்ந்துவிடும் என்று எங்கள் ஊரில் சொல்கிற பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், ரத்தம் வரும், சீழ் பிடிக்கும். செய்ய வேண்டியது ஒரு எக்ஸ்ரே, முழங்கை எலும்புகள் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று தெரிய. குழந்தை மருத்துவர் ஒருமுறை உடம்பு முழுக்கப் பார்த்து, அந்தப் பக்க மார்புத் தசையும் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கட்டும்.

முழங்கை மடங்கி நீள்கிறதா? எழுதவில்லை. ஆம் என்றால் சந்தோஷப்படுங்கள், நான் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. முழங்கைக்கு மேலே நின்றுவிட்ட கைக்கும் கீழே நின்ற கைக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மடக்கில் பையை மாட்டலாம், பந்தை அணைக்கலாம், நோட்டை அழுத்திப் பிடிக்கலாம், பேனா மூடியை இடுக்கித் திறக்கலாம்.

செயற்கைக் கைக்கு வருவோம். இதில் நான் என் தொழிலின் முதல் பாதியில் நம்பியதை இரண்டாம் பாதியில் நம்பவில்லை, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். எங்களுக்குப் படிப்பில் சொல்லிக்கொடுத்தது: குழந்தை உட்கார ஆரம்பிக்கும் ஆறு மாதத்திலேயே அசையாத சின்னக் கை ஒன்றை மாட்டு, ஒன்றரை இரண்டு வயதில் தோள்பட்டை வாரால் இழுத்துத் திறக்கும் கொக்கிக்கு மாற்று, அப்புறம் வசதி இருந்தால் மயோஎலெக்ட்ரிக் என்கிற மின்கை. சீக்கிரம் மாட்டினால் பழகிவிடும் என்பது வாதம். அதை அப்படியே நம்பி, பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் ஒரு சிறுவனை நான் வற்புறுத்தியிருக்கிறேன். அப்போது அவனுக்கு நாலு வயது. அப்பா நிலக்கடலை விற்ற பணத்தைக் கொண்டுவந்து கட்டினார். ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில் மட்டும் மாட்டிக்கொண்டு வருவான், கொக்கியால் கட்டைகளை அழகாக அடுக்கிக் காட்டுவான், நான் நோட்டில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதுவேன். ஒருநாள் வேறு வேலையாக அந்த வழியே போனவன் சொல்லாமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். செயற்கைக் கை கதவுக்குப் பின்னால், மாட்டுக்கயிறு தொங்கும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பையன் கன்றுக்குட்டியின் கயிற்றை முழங்கை மடக்கில் பிடித்து, பல்லால் முடிச்சைத் தளர்த்தி அவிழ்த்துக்கொண்டிருந்தான். கொக்கியை மாட்டியிருந்தால் அந்த வேலைக்கு அவனுக்கு மூன்று மடங்கு நேரம் ஆகியிருக்கும்.

அதற்குப் பிறகுதான் வாசிக்க ஆரம்பித்தேன். 2006-ல் அமெரிக்காவில் ஷிரைனர்ஸ் மருத்துவமனைகளில், உங்கள் குழந்தையைப் போலவே ஒரு பக்கம் முழங்கைக்குக் கீழே இல்லாமல் பிறந்த 489 பிள்ளைகளைப் பார்த்து எழுதியிருந்தார்கள். செயற்கைக் கை அணிந்தவர்கள் அணியாதவர்களைவிட அன்றாட வேலையிலோ வாழ்க்கைத் தரத்திலோ மேலாக இல்லை. அடுத்த ஆண்டு வந்த ஒரு தொகுப்பாய்வில், பிள்ளைகளில் வாரால் இயங்கும் கையை வேண்டாம் என்று விட்டவர்கள் சராசரியாக 45 சதவீதம், மின்கையை விட்டவர்கள் 35 சதவீதம். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் அளவு பார்த்து மாற்றிக்கொடுக்க ஆள் இருந்தும் இந்த நிலை. நம் ஊர் வெயிலும் வேர்வையும் மார்ச் மாதப் பாலக்காடும் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் இதை வைத்துச் செயற்கைக் கையே வீண் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஒரு கூட்டத்தின் சராசரி ஒரு குழந்தையின் கதை ஆகாது. விரும்பி அணிந்து பயன்படுத்துகிற பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்தில் மாட்டாவிட்டால் வாய்ப்பே போச்சு என்பதற்குத்தான் உறுதியான ஆதாரம் இல்லை.

ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது அணிந்து பார்த்தால் புரியும். அந்தக் குட்டை முனையில் தோல் உணர்வு அபாரமாக இருக்கும், சூடு, ஈரம், சொரசொரப்பு எல்லாம் தெரியும். அதன்மேல் செயற்கைக் கையின் கூடான சாக்கெட்டை மாட்டினால் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. எடை கூடுகிறது, உள்ளே வேர்க்கிறது, தோல் சிவக்கிறது. குழந்தை வளர்வதால் ஐந்து வயது வரை ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு சாக்கெட் மாற்ற வேண்டும். மயோஎலெக்ட்ரிக் என்பது முன்கைத் தசை சுருங்கும்போது தோலில் வரும் சின்ன மின்துடிப்பைப் பிடித்து மோட்டாரை ஓட்டுவது. மூளைக்கும் அதற்கும் நேரடி இணைப்பு எதுவும் இல்லை, விளம்பர வீடியோவில் அப்படித் தோன்றும். பேட்டரி ஏற்ற வேண்டும், தண்ணீர் ஆகாது, விலை லட்சங்களில். த்ரீ-டி பிரின்ட் கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் பெரும்பாலானவை மணிக்கட்டை மடக்கும்போது நூல் இழுபட்டு விரல் மூடும் அமைப்பு. உங்கள் குழந்தைக்கு மணிக்கட்டு இல்லை, அதனால் முழங்கையால் இயங்கும் மாதிரி மட்டுமே பொருந்தும். அதற்கும் முழங்கையை மடக்கியே வைத்திருந்தால்தான் பிடி நிற்கும், பிடியும் பலம் குறைவு. சில பிளாஸ்டிக் வகைகள் வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தாலே நெளிந்துவிடும். விலை குறைவு, பிள்ளைகளுக்கு நீலம் சிவப்பு என்று நிறம் பிடிக்கும், நாலு நாள் பள்ளியில் காட்டிவிட்டு வருவார்கள். அந்த நாலு நாளும் ஒரு பயன்தான், நான் குறை சொல்லவில்லை.

நான் இப்போது கேட்கும் கேள்வி வேறு: எந்த வேலைக்கு? 'கை வேண்டும்' என்று வருகிறவர்களிடம் வேலையின் பெயரைக் கேட்பேன். சைக்கிள் என்றால் ஹேண்டில்பாரில் மாட்டும் ஒரு கிண்ணமோ கொக்கியோ போதும், விழும்போது தானாகக் கழன்றுவிட வேண்டும் என்பதுதான் முக்கியம். இரண்டு பிரேக்கையும் வலதுபக்க ஒரே லீவரில் இணைத்துவிடலாம். இந்த மாதிரி ஒரு வேலைக்கென்று செய்த கருவிகளைப் பிள்ளைகள் அந்த வேலை நடக்கும் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு அப்புறம் கழற்றி வைத்துவிடுவார்கள், ஆணியில் தொங்காது. அவளே ஏழெட்டு வயதிலோ காலேஜ் போகும்போதோ, பார்வைக்காகவே ஒரு கை வேண்டும் என்று கேட்டால் அதுவும் நியாயமான காரணம். கேட்பது அவளாக இருக்க வேண்டும்.

அம்மாமார் ஆள் இல்லாத வராந்தாவில் மெதுவாகக் கேட்கும் ஒரு கேள்வி உண்டு, உங்கள் அக்காவும் யோசித்திருப்பார்: சாப்பிடுவதும் கழுவுவதும் ஒரே கையாலா? ஆமாம், வலது கையால்தான். இங்கே பல வீடுகளிலும் பீச்சுக்குழாய் வந்துவிட்டது, பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும். சோப்பை அழுத்தும் பம்ப் பாட்டிலில் வைத்தால் குட்டை முனையால் அழுத்தி வலது கையில் வாங்கிக்கொள்வாள். பாவாடை நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக், செருப்பில் ஒட்டும் பட்டை. தலைபின்னுவது கடைசியில்தான் வரும், சிலருக்கு வராமலும் போகும், கிராப் வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

இரண்டு கையும் இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் விஷயம் வேறு, ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. அவர்களுக்குக் கால்தான் கை. சோற்றைக் காலால் தொடாதே என்று தடுத்தால் அந்தக் குழந்தையின் கையைக் கட்டுகிறோம் என்று அர்த்தம். இடுக்கியைச் சேர்ந்த ஜிலுமோள் காலால் ஓட்டக்கூடியபடி மாற்றிய காருக்கு 2023 டிசம்பரில் ஓட்டுநர் உரிமம் வாங்கியது நம் பாலக்காட்டில்தான்.

சரி, ஐந்து மாதத்தில் இப்போது என்ன செய்வது? குப்புறப் படுக்கவைத்து, இடது நெஞ்சுக்கடியில் சுருட்டிய துண்டை வையுங்கள், இரண்டு பக்கமும் சம உயரத்தில் எம்பிப் பார்க்கப் பழகும். இரண்டு கையும் சேர்ந்தால்தான் பிடிக்க முடியும் என்கிற அளவில் பெரிய துணிப்பந்து கொடுங்கள். குட்டைக் கையில் கெட்டியாகத் தைத்த கிலுகிலுப்பைப் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டால் அந்தக் கையும் தன்னுடையது என்று ஆட்டிப் பார்க்கும். அந்த முனையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது விட்டுவிடாதீர்கள். பாட்டிகள் பயத்தில் தொடாமல் விடுவதைப் பார்த்திருக்கிறேன். தவழாமல் உட்கார்ந்தபடியே நகர்ந்தால் கவலை வேண்டாம். முதுகை மட்டும் ஆறு மாதம் ஒருமுறை டாக்டர் பார்க்கட்டும், லேசாகச் சாய்வது உண்டு. செயற்கைக் கை போட்டால் முதுகு கோணாது என்று சொல்லி விற்பவர்களிடம் ஆதாரம் கேளுங்கள்.

காகித வேலை. பிறவிக் குறைகளைக் கண்டறிய மத்திய அரசு 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகள் வருகிறார்கள். இந்தக் குறைகளைச் சிறு வயதிலேயே கவனிக்கும் மாவட்ட அளவிலான டி.இ.ஐ.சி. மையத்தில் பதிவு செய்யுங்கள். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடுதான் எல்லைக்கோடு, முன்கை இல்லாத நிலை அதைத் தாண்டிவிடும். நம் எல்லைக்காரர்களுக்கு வழக்கமான சிக்கல் ஒன்று உண்டு: வைத்தியத்துக்குக் கோயம்புத்தூர் போவோம், ரேஷன் கார்டு கேரளம். மாற்றுத்திறனாளிச் சான்றிதழைக் கேரளத்தில் எடுங்கள், யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நாடு முழுக்கச் செல்லும். தமிழ்நாட்டு முதல்வர் காப்பீடு அந்த மாநிலக் கார்டுக்குத்தான், கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். செயற்கை உறுப்புப் பிரிவு திருச்சூர் கல்லேட்டுங்கரையில் நிப்மர் என்கிற மறுவாழ்வு மையத்தில் இருக்கிறது. ஆந்திர எல்லையிலிருந்து படிக்கிறவர்களுக்குத் திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பர்ட் மருத்துவமனை, வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு. பால் பிராண்ட் என்ற சர்ஜன் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் திருத்த ஆரம்பித்த இடம் அது.

காதுகுத்துக்கு வருகிறேன். நீங்கள் தாய்மாமன், குழந்தை உங்கள் மடியில்தான் உட்காரும். அன்றைக்கு மட்டும் மாட்ட ஒரு ரப்பர் கை செய்துகொடுப்பார்கள், கேட்டால் நானே இடம் சொல்வேன். ஆனால் பதினோரு மாதக் குழந்தை மொட்டை அடித்து, காது வலித்து, புதிதாகக் கையில் ஏதோ கட்டியிருக்கிறதே என்று அதையும் பிடுங்கி எறியும். அதை எடுத்துத் திரும்ப மாட்டுவதைத்தான் மொத்தக் கூட்டமும் பார்க்கும். யாராவது கேட்டால் "பிறக்கும்போதே இப்படித்தான்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையின் பட்டுச்சட்டைக்கு அளவு கொடுக்கும்போது சட்டையின் இடது கையை முழங்கைக்கு மேலேயே நிறுத்தித் தைக்கச் சொல்லுங்கள். நீளமாக விட்டால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் குழந்தை உங்கள் கன்னத்தைத் தொடுவது அந்தக் கையால்தான் என்றால், நடுவில் துணி வந்துவிடும்.